முத்து நகர் தந்த நாடகப் பேராசான்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

இயற்றமிழை ஏடு காத்தது. இசைத்தமிழைக் குரல் காத்தது. நாடகத் தமிழைக் காத்தது எது? ஆடி முடித்தவுடன் மறைந்துபோகும் கலையல்லவா அது? திரை இறங்கினால் மன்னனும் இல்லை, மந்திரியும் இல்லை. விடிந்தால் வெறும் மேடைதான் மிஞ்சும். அந்த வெறும் மேடைக்கு மறுநாள் இரவும், மறு ஆண்டும், மறு தலைமுறையிலும் உயிர் வரவேண்டுமானால் அதற்கென ஒருவர் உழைத்திருக்க வேண்டும். அப்படி உழைத்தவர் நம் மாவட்டத்து மண்ணில் பிறந்தவர் என்பதை இவ்வாண்டுதான் நான் அறிந்துகொண்டேன். அவரே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

அவரை நான் தேடிச் சென்ற காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு மேடை

என் ஊர் ஆதிச்சநல்லூர். பொருநையாற்றின் கரையில் உள்ள பறம்பில் புதைந்த முதுமக்கள் தாழிகளால் உலகம் அறிந்த ஊர். 1876 இல் ஜெர்மானிய அறிஞர் யாகோர் வந்து தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004 இலும் 2021 இலும் தொல்லியல் துறையினர் மீண்டும் தோண்டினர். இன்று தோண்டிய குழியிலேயே தாழிகளை விட்டு, மேலே கண்ணாடி பதித்துப் பாதுகாக்கின்றனர். வெளியூரார் பலர் வந்து குனிந்து பார்த்துச் செல்கின்றனர்.

அவர்கள் பார்க்காத ஒன்று எங்கள் தெருவில் உண்டு. அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள நாடக மேடை. மூன்று பக்கம் சுவர், மேலே நாட்டு ஓடு, பக்கத்தில் ஓர் ஒப்பனை அறை. முன்னாளில் கொடைக்கு மறுநாள் இரவு அதில் வள்ளி திருமணம் நடக்கும் என்று ஆச்சி சொல்வார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே திரை ஏறியதில்லை. வாழைத்தார் அடுக்கினார்கள். நெல் மூட்டை போட்டார்கள். மழைக்கு ஆடு ஒதுங்கியது.

சென்ற ஆண்டு இளைஞர்கள் ஒன்றுகூடி வீட்டுக்கு வீடு வரி பிரித்து அதைச் செப்பனிட்டோம். ஓடு மாற்றினோம், தளம் பூசினோம், வெள்ளையடித்தோம். மேடை புதிதாயிற்று. அப்போதுதான் கேள்வி பிறந்தது. இனி அதில் எதை நடத்துவது? பெரியவர்கள் நாடகம் வேண்டும் என்றனர். இளைஞர்கள் ஆடல் பாடல் நிகழ்ச்சி போதும் என்றோம். இந்தக் காலத்தில் விடிய விடிய நாடகம் பார்க்க யார் விழித்திருப்பார்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவு வீட்டில் அப்பா என்னோடு பேசவில்லை. அப்பா வாழைத்தார் சுமக்கும் தொழிலாளி. பள்ளிக்குப் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சற்று நேரம் கழித்து, கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, வள்ளியும் வேலனும் தினைப்புனத்தில் வாதிடும் பகுதியை அப்பா முழுமையாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. எழுத்தறியாத ஒருவர் நெஞ்சில் இத்தனை தமிழ் எப்படிக் குடியேறியது? மறுநாள் கல்லூரி நூலகத்தில் சுவாமிகளின் நாடக நூலைத் தேடினேன். அதன் வழியே அவர் வாழ்க்கையையும் படித்தேன்.

தோற்றமும் கல்வியும்

1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் சங்கரதாஸ் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரர் இராமாயணத்தில் தோய்ந்தவர். இராமாயணப் புலவர் என்றே ஊரார் அவரை அழைத்தனர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் தமிழ் கற்றார். அவரோடு ஒருசாலை மாணாக்கராய்ப் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். வெண்பாவும் கலித்துறையும் சந்தப் பாட்டும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன.

ஆனால் பாட்டு வயிற்றை நிரப்புமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராய் அமர்ந்தார். ஒருபுறம் கடலில் முத்துக்குளிப்பு, மறுபுறம் கரையில் உப்பளம் என வாழ்ந்த நகரம் அது. அங்கே மூட்டைக் கணக்கு எழுதிய கைதான் பின்னாளில் நாடகம் எழுதிற்று. கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டு அமைதியாய் வாழ்ந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. இருபத்து நான்காம் வயதில், அதாவது 1891 ஆம் ஆண்டளவில், வேலையை உதறிவிட்டு நாடக உலகில் புகுந்தார்.

அந்த 1891 தமிழ் நாடகத்துக்கு ஒரு திருப்புமுனையான ஆண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியது அவ்வாண்டில்தான். நெல்லையிலுள்ள பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இன்று அந்த நாடகம் வாழ்கிறது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். முன்னது படிப்பதற்கென எழுந்த நாடகம். பின்னது கற்றவர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த சபை. நம் சுவாமிகள் நுழைந்ததோ நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களின் உலகம். அந்த உலகத்துக்கு அன்று மதிப்பு இல்லை. கூத்தாடி என்ற சொல்லே வசைச் சொல்லாய் வழங்கிய காலம் அது.

அன்றைய மேடையின் நிலை

இரவெல்லாம் நடக்கும் தெருக்கூத்து ஒருபுறம் இருந்தது. பார்சி நாடகக் குழுவினரும் மராட்டிய நாடகக் குழுவினரும் தமிழ்நாட்டுக்கு வந்து ஓவியத் திரைகளும் காட்சி மாற்றங்களும் காட்டி மக்களை மயக்கியது மறுபுறம். தமிழ்க் குழுக்களும் கொட்டகை போட்டுத் திரை கட்டிக்கொண்டன. கொட்டகை இருந்தது, திரை இருந்தது, விளக்கும் இருந்தது. நிலையான பாடம்தான் இல்லை. கதை இன்னதென்று தெரியும். பாட்டுகள் சில தெரியும். மற்றபடி நடிகர்கள் அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசினர். ஒருவரை ஒருவர் மடக்குவதிலேயே இரவு கழியும். கதை ஒரு பக்கம் போக, பேச்சு இன்னொரு பக்கம் போகும். கொச்சை மொழிக்குக் கைதட்டல் கிடைக்கும். குடும்பத்தோடு வந்தவர்கள் எழுந்து போவார்கள்.

புதுக் கட்டடமும் புதுத் திரையும் மட்டும் மேடையைக் காப்பாற்றா என்பதற்கு அக்காலமே சான்று.

நடிகர் ஆசிரியரானார்

இராமுடு அய்யர், கலியாணராமய்யர் ஆகியோரின் நாடக சபையில் முதலில் நடிகராகவும் ஆசிரியராகவும் சுவாமிகள் பணிபுரிந்தார். உயர்ந்த உருவம், கணீரென்ற குரல். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களே அவருக்கு வாய்த்தன. அவற்றில் அவருக்கு நிகர் அவரே.

அந்தத் திறமையே அவரை வருத்தியதும் உண்டு. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்ததைக் கண்ட ஒரு பெண்ணுக்கு அவையிலேயே கரு கலைந்தது என்று சொல்வார்கள். வேறொரு நாள் சனீசுவரன் வேடம் பூண்டு நடித்துவிட்டு, விடியுமுன் வேடத்தைக் கலைக்க நீர்த்துறைக்குச் சென்றாராம். எதிரே வந்த ஒரு பெண் அந்தக் கரிய கோலத்தைக் கண்டு அஞ்சி, அங்கேயே உயிர் விட்டாளாம். இந்நிகழ்ச்சி அவர் நெஞ்சை அறுத்தது. இனி வேடம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தார் என்பது வரலாறு. புகழின் உச்சியில் நின்ற நடிகர் ஒருவர், தம் கலையால் ஓர் உயிர் போயிற்றே என்று ஒப்பனையைத் துறந்தார். ஆனால் மேடையைத் துறக்கவில்லை. மேடைக்குப் பின்னே நின்று பிறரை நடிக்க வைக்கும் ஆசிரியரானார்.

வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவரய்யர் முதலியோரின் குழுக்களில் ஆசிரியராய் இருந்தார். இடையே உலக வாழ்வில் பற்று நீங்கித் தலயாத்திரை மேற்கொண்டார். முருகனிடம் அவருக்கு அளவிறந்த பக்தி. காவி உடுத்தார். மணம் செய்துகொள்ளவே இல்லை. சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது. அந்நாளில்தான் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனைப் போல் ஏற்று அன்பு காட்டினார். தாளத்தின் நுட்பங்களை அவரிடம் சுவாமிகள் கற்றார். சுவாமிகளின் பாடல்களில் சந்தம் தடம் புரளாமல் ஓடுவதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

எழுதிக் குவித்த கை

ஏறக்குறைய நாற்பது நாடகங்கள் எழுதினார் என்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, பிரகலாதன், சாரங்கதரா, இலவகுசா, சுலோசனா சதி என அவற்றின் பெயர்களை எழுத்தறியாதவர்களும் அறிவர். வடமொழி மிருச்சகடிகத்தையும் சேக்சுபியரின் நாடகங்கள் சிலவற்றையும்கூட அவர் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். எழுதியவற்றுள் பல இன்று கிடைக்கவில்லை.

அவர் செய்த பெரும்பணி, பாட்டையும் பேச்சையும் வரையறுத்து எழுதித் தந்ததுதான். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி, யார் எப்போது நுழைவது, எந்தப் பாட்டு எந்த மெட்டில் என்பது எல்லாம் முறைப்பட்டன. குறளும் நீதிநூற் கருத்துகளும் பாமரனுக்குப் புரியும் வண்ணம் உரையாடலில் கலந்தன. புலமை மிக்கவர்களும் தலையாட்டினர், வண்டிக்காரர்களும் தலையாட்டினர். படித்தவனுக்கு ஒரு தமிழ், படியாதவனுக்கு ஒரு தமிழ் என்று அவர் பிரிக்கவில்லை.

எழுதும் வேகமோ வியப்புக்குரியது. அபிமன்யு சுந்தரி என்ற நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். பாட்டும் உரையாடலுமாகப் பல மணி நேரம் நடக்கும் நாடகம் அது. மாலையில் விளக்கேற்றிக்கொண்டு அமர்ந்தவர் விடியும்போது கட்டை அவிழ்த்துச் சிறுவர்கள் கையில் கொடுத்தார். அடித்தல் திருத்தல் இல்லை என்று அவரிடம் பயின்றவர்கள் எழுதிவைத்துள்ளனர்.

பாலர் சபை

1910 இல் சமரச சன்மார்க்க நாடக சபையைச் சுவாமிகள் தொடங்கினார். வளர்ந்த நடிகர்களிடம் ஒழுங்கைக் கொண்டுவருவது எத்தனை கடினம் என்பதை அவர் நெடுங்காலமாய்க் கண்டவர். குழந்தைகளைச் சேர்த்து, அடிப்படையிலிருந்தே தமிழும் இசையும் நடிப்பும் கற்பித்தால் நாடகம் நிலைபெறும் என்ற எண்ணம் வலுத்தது. 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சுவாமிகளின் அடி நிழலில் வளர்ந்தனர். அவர்களுள் டி.கே. சண்முகம் அப்போது ஆறு வயதுச் சிறுவர்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் சபையில் சேர்ந்தனர். உணவும் உடையும் உறைவிடமும் சபையிலேயே. எழுத்தறியாத பிள்ளைகள் அங்கே பாடம் கேட்டு மனப்பாடம் செய்தனர். சுவாமிகள் கண்டிப்பு மிக்கவர். கோபம் வந்தால் கை நீளும். ஆனால் பிள்ளைகள் பசித்திருக்கப் பொறுக்க மாட்டார். ஊர் ஊராய் அலைந்து, உறக்கம் கெட்டு, வீட்டை மறந்து வாழ்ந்த அச்சிறுவர்களின் வாழ்வு எளிதாய் இருந்திராது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், பள்ளியின் கதவு திறக்காத பலருக்கு அந்த நாடக சபையே பள்ளிக்கூடமாயிற்று. என்னைப் போல் முதல் தலைமுறையாய்க் கல்லூரிக்கு வந்தவனுக்கு இதன் அருமை புரியாமல் போகாது.

இறுதி நாள்கள்

1921 இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால்கள் முடங்கின. பேச்சும் நின்றது. ஆயிரமாயிரம் சொற்களைப் பிறர் நாவில் ஏற்றிய ஆசிரியரின் நாவே அசையாமல் போயிற்று! சபை ஊர் மாறும்போதெல்லாம் பிள்ளைகள் அவரைத் தம்முடனேயே அழைத்துச் சென்றனர். சொல்ல இயலாதவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபை புதுவையில் முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13 ஆம் நாள் அவர் ஆவி பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. கருவடிக்குப்பத்தில் அவரை அடக்கம் செய்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி, பாடி வணங்குகின்றனர். மதுரையில் அவருக்குச் சிலை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரால் அமைந்தது.

அவர் விட்டுச் சென்ற நாடகங்கள் ஓய்ந்திருக்கவில்லை. 1925 இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தமாய்ச் சபை கண்டு, தம் ஆசானின் நாடகங்களை ஊர் ஊராய்க் கொண்டு சென்றனர். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வேலனாகவும் வள்ளியாகவும் தோன்றி மக்களை மயக்கினர். விசுவநாததாஸ் அதே நாடகத்தில் விடுதலைப் பாட்டுகளைப் பாடிச் சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 ஆம் நாள் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தார். 1934 இல் பவளக்கொடி திரைப்படமாகி, தியாகராஜ பாகவதரைத் திரைக்குத் தந்தது. பேசும் படம் வந்து கொட்டகைகளை ஒவ்வொன்றாய் விழுங்கிற்று. நாடகம் நடந்த இடத்தில் வெண்திரை தொங்கியது. பின்னர் அந்தத் திரையரங்குகளும் பல ஊர்களில் கிடங்குகளாயின.

இன்று பழைய அரங்குகளை மீட்கும் முயற்சிகளைக் காண்கிறோம். சுகுண விலாச சபை நடித்த சென்னை விக்டோரியா அரங்கைச் சீரமைக்கும் பணியை மாநகராட்சி 2023 இல் தொடங்கியது. போற்றத்தக்க பணி. ஆனால் சுவரைச் சீரமைத்த பின் உள்ளே நிற்பதற்கு ஆள் வேண்டுமே!

அந்த ஓர் இரவு

எங்கள் மேடைக்கு வருகிறேன். அப்பாவுக்கு நூலை வாசித்துக் காட்டினேன். சில இடங்களில் அப்பா சொன்னதற்கும் அச்சிலிருந்ததற்கும் வேறுபாடு இல்லை. சில இடங்களில் அப்பா நிறுத்தி, மேடையில் இப்படி இல்லை என்று வேறு விதமாய்ச் சொன்னார்கள். எனக்கு அப்பா பாடம் நடத்திய முதல் நாள் அது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, நான் முன்பு பேசியது தவறு என்றேன். நீண்ட வாதத்துக்குப் பின் இந்த வைகாசிக் கொடைக்கு ஓர் இரவு நாடகம் என்று முடிவாயிற்று.

மாலையில் கலைஞர்கள் வந்து இறங்கினர். ராஜபார்ட் மதுரையிலிருந்து, ஸ்திரீபார்ட் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வேறு வேறு ஊர். ஒப்பனை அறையில்தான் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டனர். ஒத்திகை ஏதும் இல்லை. நான் அஞ்சினேன். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் ஒலித்தது. அதன்பின் ஓரிடத்திலும் ஒருவரும் தடுமாறவில்லை!

எப்படி இயன்றது? ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவைகளைப் பயன்படுத்துவதால்தான் ஓர் ஊரில் செய்த சோதனையை இன்னோர் ஊரில் சரிபார்க்க முடிகிறது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்குச் சுவாமிகளின் பாடமே அந்தப் பொது அளவை. நூறாண்டுக்கு முன் அவர் வகுத்த காட்சி வரிசை அவர்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் உள்ளது. எவர் எங்கிருந்து வந்து நின்றாலும் நாடகம் கூடிவிடுகிறது. அந்த எல்லைக்குள் அவரவர் கற்பனைக்கும் இடமுண்டு. அன்றைய வள்ளி எங்கள் ஊர் வாழைத்தோட்டத்தையும் வாதத்தில் இழுத்துவிட்டார். அப்பா சொன்ன வேறுபாடுகளின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். நள்ளிரவுக்குள் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. என் நண்பர்களில் பலர் கைப்பேசியோடு வீட்டுக்குப் போயினர். வேலன் கிழவனாய் வந்தபோது முன்வரிசையில் சிறுவர்கள் உறங்கிக் கிடந்தனர். விடியற்காலையில் எண்ணினேன். எழுபத்து மூன்று பேர் இருந்தனர். அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டும் நாடகம் உண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.

கற்க வேண்டிய பாடம்

எங்கள் பறம்பிலே தாழியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காக்கலாம். தாழிக்கு அது போதும். நாடகத்தைக் கண்ணாடிக்குள் வைக்க முடியாது. ஆடினால்தான் அது இருக்கும். ஓடு மாற்றுவது ஒரு மாத வேலை. ஒரு பாடத்தை எழுதி, பிள்ளைகளுக்குக் கற்பித்து, தம் பேச்சு நின்ற பின்னும் அது பேசும்படி செய்வது ஒரு வாழ்நாள் வேலை. சுவாமிகள் செய்தது அந்த வேலையைத்தான். மேடையை மீட்க விரும்புவோர் முதலில் மாணவரைத் தேட வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியிலும் ஓர் அரங்கு இருக்கிறது. ஆண்டு விழாவன்று மட்டும் அதன் திரை அசைகிறது. பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால், சுவாமிகளின் நாடகம் ஒன்றை வரும் ஆண்டில் நாமே பயின்று நடிக்கலாம். பாடம் சொல்லித்தர ஆள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாழைத்தார் இறக்கிவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவரை நான் அழைத்து வருகிறேன்.

வாழ்க நாடகத் தமிழ்!